இடது மஞ்சள், வலது வெள்ளை

சாக்கைப் பிரித்ததும் முதலில் வந்தது நாற்றம். மரவள்ளித் தோல் மூன்று நாள் ஊறிய தண்ணீரின் நாற்றம் அது. சாக்கு எங்கள் வீட்டுச் சாக்குதான், அதனால் நாற்றம் சாக்கினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உள்ளே இரண்டு ஃபாக் லைட்டுகள். கார் கம்பெனியிலேயே பொருத்தி வருகிற வகை. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் பின்பக்கத்துப் பிடிப்புகளில் சேறு காய்ந்து கெட்டியாக இருந்தது. சேற்றில் புல் வேர்கள். அந்த வேர்களுக்கு நடுவே, ரப்பர் வாஷர் போலச் சுருண்டு, செத்துக் காய்ந்த அட்டை ஒன்று. ஸ்குரூ டிரைவரின் நுனியால் தட்டினேன். இரண்டாக உடைந்தது. உள்ளே கருப்பாகப் பொடி. யாரைக் கடித்த அட்டையோ என்று நினைத்தேன். உடனே, ஆட்டைக் கடித்திருக்கும் என்றும் நினைத்தேன். எதையும் பெரிதாக்கிப் பார்ப்பது என் பழக்கம். சோப்பு போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

"என்ன இன்சினியரு, லைட்டைக் குளிப்பாட்டப் போறியா, மாட்டப் போறியா?" என்றான் அண்ணன்.

அண்ணன் மணிவண்ணன் டாக்சி ஓட்டுகிறான். கார் பதினான்கு வருடப் பழசு. அந்த மாடலிலேயே விலை குறைந்த வகை. பம்பரில் ஃபாக் லைட் இருக்க வேண்டிய இரண்டு இடங்களிலும் கருப்பு பிளாஸ்டிக் மூடிதான் இருக்கும். வாசலூர்பட்டி படகுத் துறைக்கும் அருவிக்கும் வருகிறவர்களை ஏற்றி இறக்குவது அவன் தொழில். மலைப் பாதையில் எழுபது வளைவுகள். ஐப்பசி பிறந்தால் நாற்பதாவது வளைவுக்கு மேலே பனி பாதையில் உட்கார்ந்துவிடும். பெரிய விளக்கைப் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். கீழே தாழ்ந்து அடிக்கிற விளக்கு வேண்டும். இது அவனுடைய பல வருட ஆசை.

நான் சங்கீதா. பகலில் செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலையில் சமுதாயக் கூடத்தில் நடக்கிற வயரிங் வகுப்புக்குப் போகிறேன். தினமும் செய்த வேலையை நோட்டில் எழுத வேண்டும் என்பது வகுப்பின் விதி. "செஞ்சதை எழுதுங்க, நெனச்சதை எழுதாதீங்க" என்பார் மோகன்ராஜ் சார். என்னால் அது முடியவில்லை. இடது பக்கத்தில் செய்ததையும் வலது பக்கத்தில் நினைத்ததையும் எழுதுகிறேன். வலது பக்கம்தான் எப்போதும் முதலில் நிறைகிறது.

வேலை நினைத்ததைவிட எளிதாக இருந்தது. விலை குறைந்த வகையிலும் ஃபாக் லைட்டுக்கான வயரைக் கம்பெனிக்காரர்கள் உள்ளே ஓட்டித்தான் வைத்திருந்தார்கள். நுனியில் இருந்த செருகுமுனையை, கப்ளரை, டேப் சுற்றி ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். லைட்டின் பின்னால் செருகினால் 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும். ரிலே ஒன்று, ஃபியூஸ் ஒன்று, ஸ்டியரிங்கின் கீழே ஒரு ஸ்விட்ச். இவற்றைக் கடையில் வாங்கியாயிற்று. இடது லைட்டின் சேற்றைப் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்மூடியின் திருகில் அந்தக் கோட்டைப் பார்த்தேன்.

கருஞ்சிவப்பு நகப்பூச்சுக் கோடு. திருகின் தலையிலிருந்து மூடியின் உடம்பு வரை, அரை அங்குல நீளம்.

திருகை முடுக்கியதும் இப்படி ஒரு கோடு இழுத்து வைப்பது என் வழக்கம். திருகு தளர்ந்தால் கோடு இரண்டாகிவிடும்; பார்த்ததும் தெரியும். முடுக்கினேனா இல்லையா என்ற சந்தேகம் எனக்குக் கடைசிவரை போகாது என்பதற்காக நானே கண்டுபிடித்த வைத்தியம் இது. வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள். மலையில் இன்னொருத்தர் இதைச் செய்ய வாய்ப்பில்லை. நான் ஒரே ஒரு காரின் ஃபாக் லைட்டைத்தான் அதுவரை கழற்றியிருந்தேன். எங்கள் சுகாதார நிலையத்து நர்ஸ் சுகுணாக்காவின் கார். அண்ணனுடைய காரின் அதே மாடல், விலை கூடிய வகை. ஐப்பசியில் அவருடைய இடது விளக்கு எரியவில்லை என்றார். வெள்ளை பல்பு கிடைக்காமல் மஞ்சள் பல்பைப் போட்டுக் கொடுத்தேன். "ஒரு கண்ணு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்குது போ" என்று சிரித்துவிட்டு, அப்படியே ஓட்டினார்.

அந்தக் காரோடுதான் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை விடிகாலை ஐம்பத்திரண்டாவது வளைவிலிருந்து சுகுணாக்கா கீழே விழுந்தார். ராசிபுரத்தில் மகளுடைய பள்ளி விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் சவாரியோடு வந்த அண்ணன்தான் உடைந்த தடுப்புச் சுவரை முதலில் பார்த்தவன். சவாரிக்காரர்களை மேலே நிறுத்தி நூற்றெட்டுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, அவன் மட்டும் பனிக்குள் இறங்கினான். கால் மாட்டிக்கொண்டு கிடந்தவரைத் தனியாக எடுக்க முடியவில்லை. ஆட்கள் கடப்பாரையோடு வந்து சேரும்வரை அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே முதுகில் சுமந்து பாதைக்கு ஏற்றினான். டாக்சி ஸ்டாண்டில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் படத்தை அம்மா பெரிதாகப் பிரின்ட் எடுக்கச் சொன்னாள். எங்கள் கடையில் நான்தான் எடுத்தேன்.

"அண்ணா, இது சுகுணாக்கா வண்டி லைட்டு."

அவன் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இருக்கும். சேலத்துல பழைய சாமான் கடையில எடுத்தேன். இன்சூரன்ஸ்காரங்க வண்டிய அங்கதான் தள்ளிவுட்டிருப்பாங்க."

"அவங்க லைட்டை நாம போடறது..."

"ஏன், லைட்டு என்ன பண்ணுச்சு? கடையில கெடக்கறத நான் வாங்கலீன்னா வேறொருத்தன் வாங்கப் போறான். மாட்டு புள்ள, பனி எறங்குது."

மஞ்சள் பல்பையாவது மாற்றலாம் என்றேன். எரிகிறதை எதற்கு மாற்றுவது என்றான். நான் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் எதிரே சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடியில் இடப்பக்கம் மஞ்சளும் வலப்பக்கம் வெள்ளையுமாக வெளிச்சம் விழுந்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும். அன்றைய நோட்டில் இடது பக்கம்: 'ஃபாக் லைட் இரண்டு. வாங்கிய இடம் சேலம். வேலை சுத்தம்.' வலது பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. என் நோட்டில் வலது பக்கம் காலியாக இருக்கிற ஒரே நாள் அதுதான்.

தை மாதம் மூன்றாவது வாரம் சுகுணாக்கா குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வந்தார். கீழே ஊருக்கே மாறுதல் வாங்கிவிட்டார். காரவள்ளி அடிவாரம் வரை அவருடைய தம்பி கொண்டுவந்து விட்டார். மலைப் பாதையில் வண்டி ஓட்டத் தம்பிக்குப் பயம். அங்கிருந்து ஏற்றி வர, "மணிதான் வரணும்" என்று சுகுணாக்கா அடம் பிடித்தாராம். சாமான் கட்ட உதவிக்கு நானும் போனேன்.

அவரை முன் சீட்டில் ஏற்றுவதற்கே கொஞ்ச நேரம் ஆனது. இடது கால் முழங்காலுக்குக் கீழே விரைத்த மாதிரி இருந்தது. அதைத் தன் இரண்டு கைகளாலும் தூக்கி, வேறு யாருடைய பொருளையோ எடுத்து வைப்பதுபோல் உள்ளே வைத்தார். அண்ணன் குனிந்து சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தான்.

"இந்த மலையில எத்தன கொழந்தைகளுக்கு ஊசி போட்டு அழ வெச்சேன்! இப்ப இந்தக் கால்ல கோணி ஊசியக் குத்துனாலும் எனக்குத் தெரியறதில்ல கண்ணு. பாவம் சும்மா வுடுமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த பிறகு சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

பின் சீட்டில் என் பக்கத்தில் அவர் கொண்டுவந்த பை இருந்தது. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஸ்வீட் பாக்ஸ், பிளாஸ்டிக் கவருக்குள் புதுச் சட்டை ஒன்று. "மணிக்கு. அளவு தெரியல, பொன்னாடை படத்தப் பாத்துக் குத்துமதிப்பா எடுத்தேன்" என்றார். அண்ணன், "எதுக்குங்க்கா இதெல்லாம்" என்று முனகினான். மலை ஏறும்போது எப்போதும் பாட்டுப் போடுகிறவன் அன்று போடவில்லை. வளைவுகளின் எண் பலகைகளை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். அது சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம். எண்ணினால் வாந்தி வராது. பாதையோரத்தில் சுற்றுலாக்காரர்கள் எறிந்த தட்டுகளைக் குரங்குகள் நக்கிக்கொண்டிருந்தன.

மாலை நான்கு மணி. நாற்பத்தி நான்காவது வளைவில் பனி வந்துவிட்டது. முதலில் மரங்களின் தலைகள் போயின. பிறகு தடுப்புச் சுவர் போயிற்று. அண்ணன் சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு ஊர்ந்தான். ஸ்டியரிங்கின் கீழே நான் வைத்த ஸ்விட்சின் மேல் அவன் கை போகவேயில்லை. எதிரே ஒரு பஸ் மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தது. பிரேக் அடித்தான். சுகுணாக்கா இரண்டு கைகளாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஃபாக் லைட்டு இருக்குதா சாமி இதுல? இருந்தாப் போடேன்."

அவன் துணியை எடுத்து முன்கண்ணாடியைத் துடைத்தான். ஸ்விட்ச் அவர் கண்ணுக்கே தெரிகிற இடத்தில் இருந்தது. நான் வைத்த இடம்.

"போடு மணி. எனக்குப் பயமா இருக்குது."

போட்டான். பனியின் அடியில் பாதை எழுந்து வந்தது. இடது ஓரம் மஞ்சள், வலது ஓரம் வெள்ளை.

சுகுணாக்கா முன்னால் பார்த்தபடியே இருந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. பின்னலும் காதோரமும்தான் தெரிந்தன. ஆறு வளைவுகள் போயின. எண்ணிக்கை எனக்கு ஒரு இடத்தில் தப்பிவிட்டது. ஐம்பத்திரண்டாவது வளைவில் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர் பூசாமல் சாம்பல் நிறத்தில் இருந்தது. "கொஞ்சம் நிறுத்து" என்றார். நிறுத்தினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்ணாடி, பெரிய லைட்டு எல்லாம் ஒடஞ்சு போச்சு. ஆனா ஃபாக் லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. "பம்பரு தொங்கிப் போயி, ரெண்டு லைட்டும் தரையப் பாத்துக்கிட்டு எரியுது. புல்லு தெரியுது, ஒரு காட்டுச் செடி பூவோட தெரியுது. கத்தலாம்னு பாக்கறேன், வாய் வரல. அந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வெளிச்சம் இருக்கற வரைக்கும் நான் இருக்கறேன்னு ஒரு நெனப்பு. அப்பறம் மஞ்சலைட்டு போச்சு. கொஞ்ச நேரங் கழிச்சு வெள்ளலைட்டும் போச்சு. செரி, கண்ணு மங்குது, இனி நாம அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்பத்தான் எனக்கு முனகலே வந்துச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் மணி ஓடியாந்தான்."

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல நின்னவங்களும் சொன்னாங்க. கீழ வெளிச்சந் தெரிஞ்சுதாம். கடப்பாரை கொண்டாரப் போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா வெளிச்சம் இல்லியாம். பேட்டரி தீந்துபோச்சாட்டம் இருக்குதுன்னு, எடந் தெரியாம அந்தப் பக்கம் எறங்கிட்டாங்க. மணி கத்துறது கேக்குது, பனியில எந்தப் பக்கம்னு தெரியல. அரை மணி நேரம் ஆயிப்போச்சு. அரை மணி முன்னாடி எடுத்திருந்தா நரம்பு தப்பிச்சிருக்கலாம்னு டாக்டரு சொல்றாரு. தப்பிச்சிருக்கலாம், அவ்வளவுதான். யாரு கண்டா?" அவர் காலை இரண்டு கைகளாலும் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். "போலாம் கண்ணு."

பேட்டரி ஒன்று. இரண்டு விளக்குக்கும் மின்சாரம் அதிலிருந்துதான் போகிறது. பேட்டரி தீர்ந்தால் இரண்டும் சேர்ந்து மங்கும், சேர்ந்து சிவந்து, சேர்ந்து அணையும். ஒன்று முதலில், இன்னொன்று கொஞ்சம் கழித்து என்று பேட்டரி தீராது. வகுப்பின் முதல் மாதப் பாடம் இது. ஒவ்வொன்றாக அணைந்தால் யாரோ ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். அங்கே இருந்தது ஒரே ஒருவன்.

நான் இதைத் தப்பாகக் கணக்குப் போட்டிருக்கலாம் என்று ஐம்பத்தெட்டாவது வளைவு வரை முயன்று பார்த்தேன். விழுந்த வேகத்தில் வயர் அறுந்திருக்கலாம். அறுந்திருந்தால் கப்ளர் லைட்டோடே வந்திருக்கும். நான்தான் கையால் தொட்டுப் பார்த்தவள், கப்ளர் செருகும் இடம் முழுசாக இருந்தது. ஃபியூஸ் போயிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். பயத்தில் அவர் தவறாகப் பார்த்திருக்கலாம். ஆனால் முதலில் மஞ்சள், பிறகு வெள்ளை என்று சொன்னாரே. அறுபதாவது வளைவில், எண்ணியும் பயனில்லாமல், எனக்கு வாந்தி வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்னால் போய், வேறு இடமே இல்லாத மாதிரி அந்த இரண்டு வெளிச்சங்களுக்கு நடுவிலேயே எடுத்தேன். மஞ்சளிலும் வெள்ளையிலுமாக அது பாதையில் ஓடியது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வளைவு ஒத்துக்கல போல, பாவம்" என்றார் சுகுணாக்கா. தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

குவார்ட்டர்ஸில் சாமான் அதிகமில்லை. ஒரு மணி நேரத்தில் கட்டிவிட்டோம். மறுநாள் லாரி வரும்; அன்று இரவு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீச்சர் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். கிளம்பும்போது சட்டைக் கவரை அண்ணனின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லீன்னா நான் இல்ல மணி. அது நெசந்தான்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு சுகுணாக்கா கைத்தடியை ஊன்றி வெளியே வந்து எங்கள் காரின் முன்னால் ஒரு நிமிடம் நின்று, தடியின் நுனியால் இடது விளக்கின் கண்ணாடியை லேசாகத் தட்டினார், கதவைத் தட்டுகிற மாதிரி. "நல்ல வெளிச்சம்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அன்றிலிருந்து நான் நூறு முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்துதான் 'அது நெசந்தான்' என்றாரா? அப்படியானால் எது நெசமில்லை என்று சொல்லாமல் விட்டார்?

வீட்டுக்கு வரும்போது இன்னும் முழுதாக இருட்டவில்லை. வளப்பூர் பக்கம் பனி வயலை மூடிவிட்டு எங்கள் வாசலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே அம்மா கறி வதக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவைக் கூட்டி வருகிற நாள் என்று கோழி அடித்திருந்தாள். அண்ணன் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கவர் பக்கத்துச் சீட்டில் இருந்தது.

நான் இறங்கிக் காரின் முன்னால் போனேன்.

"லைட்டைப் போடுண்ணா. ஒண்ணு பாக்கணும்."

"காலையில பாத்துக்கலாம்."

"காலையில அஞ்சு மணிக்கு உனக்குச் சவாரி. இப்பப் போடு."

போட்டான். மண்ணில் முட்டி போட்டு, பம்பருக்குக் கீழே கையை விட்டேன். கப்ளரின் நாக்கை அழுத்தி இழுத்தால் போதும், பார்க்கக்கூட வேண்டாம். இழுத்தேன். மஞ்சள் போயிற்று. மிளகுக் கொடியில் வெள்ளை மட்டும் நின்றது. நிமிர்ந்து கண்ணாடி வழியே அவனைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு அவன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"செத்துட்டாங்கன்னு நெனச்சேன் சங்கீதா" என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "சத்தமே இல்ல. பம்பரு தொங்கிட்டிருந்துச்சு. ரெண்டு லைட்டும் கையோட வந்துருச்சு. ஒரு நிமிசங்கூட ஆகல. செத்துட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

அதை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அருவருப்பு அதனால் குறையவில்லை. அதற்கு அடுத்து நடந்ததன்மேல் போய் நின்றுகொண்டது. முனகல் கேட்டது. ஓடிப் போய்த் தலையைப் பிடித்தான். மேலே ஆட்கள் வழி தெரியாமல் கத்துகிறார்கள். இரண்டு லைட்டுகளும் எட்டும் தூரத்தில் ஏதோ புதரில் கிடக்கின்றன. கப்ளரைத் திரும்பச் செருக எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து வினாடி. இரண்டுக்கும் சேர்த்துப் பத்து.

"அப்பறம்?" என்றேன்.

அவன் ஸ்டியரிங்கின் கீழே இருந்த ஸ்விட்சைப் பார்த்தான்.

"ஏஞ்சாமி, ஒரு லைட்டு அணஞ்சு போச்சே!" கரண்டியோடு வாசலுக்கு வந்த அம்மா கேட்டாள். "காலையில பனியில போறவன், நல்லாப் பாத்து மாட்டிக் குடு கண்ணு."

நான் இடத்தை மாற்றி வலது பக்கம் முட்டி போட்டேன். கையை உள்ளே விட்டு அந்தக் கப்ளரையும் பிடித்தேன். விளக்கின் முதுகு சூடாக இருந்தது. வெள்ளை வெளிச்சத்தில் பனி தரையோடு தரையாக வந்து, சக்கரத்துக்கு அடியில் புகுந்து, காரின் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மா கரண்டியோடு நின்றுகொண்டே இருந்தாள். உள்ளே அண்ணன் சட்டைக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிளாஸ்டிக் சரசரக்கும் சத்தம் எனக்கு வெளியே கேட்டது.